இருப்பைப் பார்த்து உலை வைத்தல்



"இன்று என்ன சமைப்பது?" என்ற கேள்வியும், "வீட்டில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வியும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் இவ்விரண்டில் எதை முதலில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் மளிகைக் கணக்கு ஏறுவதும் இறங்குவதும் அமைகிறது. முதற் கேள்வியில் தொடங்குகிறவர் கடைக்குப் போகிறார். இரண்டாவதில் தொடங்குகிறவர் அடுக்களைக்குள் போகிறார். நான் பல ஆண்டுகள் கடைக்குப் போகிற கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். என்னை அடுக்களைப் பக்கம் திருப்பிவிட்டது ஒரு புயல்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, மாண்டஸ் என்று பெயரிடப்பட்ட புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் ஊராகிய புதுப்பட்டினம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையின்மீது இருக்கிறது. பாலாறு கடலோடு கலக்கும் வயலூர் எங்களுக்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ளது. அன்றிரவு காற்று வீசிய வீச்சில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. மரக்கிளைகள் முறிந்து வழியெங்கும் கிடந்தன. விடிந்தபோது நாங்கள் வழக்கமாக வாங்கும் கடை மூடிக்கிடந்தது.

அந்த மாதம் எங்களுக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. கல்லூரியில் பயிலும் மகளுக்கு அடுத்த பருவத்துக்கான கட்டணம் கட்டியாக வேண்டும். கையிருப்பு போதவில்லை. யாரிடம் கடன் கேட்கலாம் என்று நான் மனத்துக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். என் தாயாரோ வேறொரு பட்டியலைத் தொடங்கிவைத்தார். "கடை திறக்கும்போது திறக்கட்டும். உள்ளே இருப்பதையெல்லாம் முதலில் வெளியே எடுங்கள்" என்றார். மகள் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு, கைவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள்.

அந்தப் பட்டியல் எங்களை வெட்கப்படவைத்தது. பிரித்தும் பிரிக்காததுமாகப் பச்சைப்பயறு மூன்று பொட்டலம் இருந்தது. ஒன்று இருப்பது தெரியாமல் இன்னொன்றும், இரண்டும் இருப்பது தெரியாமல் மூன்றாவதும் வாங்கியிருந்தோம். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவை ஒவ்வொன்றும் இரண்டு பிடி, மூன்று பிடி என்று டப்பாக்களின் அடியில் தங்கியிருந்தன. அவல், ரவை, ஒரு போத்தலில் சுண்டை வற்றல், தகர டப்பாவில் நெத்திலிக் கருவாடு, அறுத்த பூசணிக்காயில் பாதி, முழுத் தேங்காய் இரண்டு, நாலைந்து முருங்கைக்காய், வெங்காயம். நம் நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அடுக்களை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இல்லாதது அங்கே சிறிது. இருப்பது தெரியாதது பெரிது.

அடுத்ததாகத் தாயார் செய்ததே முக்கியமான காரியம். இருப்பவற்றை ருசியின் வரிசையில் அல்லாமல், கெடும் வரிசையில் அடுக்கினார். குளிர்சாதனப் பெட்டி மின்சாரம் நின்றபின், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நாங்கள் இரவெல்லாம் வைத்திருந்தோம். ஆகவே அதிலிருந்த முந்தின நாள் குழம்பை அவர் தயக்கமின்றிக் கொட்டச் சொன்னார். இதனைக் குறித்துக்கொள்ளுங்கள், சிக்கனத்தின் முதல் வேலை ஒரு பண்டத்தைக் கொட்டுவதாகவும் இருக்கக்கூடும். புளித்த மாவு அன்று காலை ஊத்தப்பமாயிற்று. தயிர் மதியம் மோர்க்குழம்பாயிற்று. அறுத்த பூசணி அதே மோர்க்குழம்பில் சேர்ந்தது. முருங்கைக்காய் மறுநாளைக்கு. உலர்ந்த பண்டங்களை அவர் கடைசிவரை தொடவிடவில்லை. அவை காத்திருக்கும், பூசணி காத்திராது என்பது அவர் சொன்ன காரணம்.

பருப்புகளின் அடித்தங்கல்களுக்கெல்லாம் ஒரே புகலிடம் அடை. எனக்குத் தெரிந்தவரையில் தமிழர் சமையலில் இவ்வளவு பெருந்தன்மையான பலகாரம் வேறில்லை. அரிசியோடு எந்தப் பருப்பு எவ்வளவு இருந்தாலும் ஊறவைத்து, மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துவிடலாம். துவரை குறைந்தால் கடலை. கடலையும் குறைந்தால் பயறு. முருங்கைக்கீரை இருந்தால் அதையும் உள்ளே போடலாம். ஒரு பிடி மீதியை வைத்துக்கொண்டு ஒரு கறி செய்ய முடியாது. ஆனால் ஐந்து ஒரு பிடி மீதிகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கே இரவு உணவு செய்யலாம். இதைத்தான் நம் முன்னோர் கதம்பக் குழம்பிலும், கூட்டாஞ்சோற்றிலும், கலவைச் சுண்டலிலும் செய்துவந்தார்கள்.

ஐந்து நாள் சென்றது. பால் ஒன்றைத் தவிர வேறெதையும் நாங்கள் வாங்கவில்லை. ஆறாம் நாள் கடைக்குப் புறப்பட்டபோது, புயலுக்கு முன் எழுதிவைத்திருந்த பத்துப் பொருள்கள் கொண்ட சீட்டை எடுத்துப் பார்த்தேன். நோட்டோடு ஒப்பிட்டதில் நான்குதான் மிஞ்சின. அந்த மிச்சம் கல்லூரிக் கட்டணத்தை அடைத்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் கேட்க எண்ணியிருந்த கடனில் ஒரு பகுதியை நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. கடன் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு பகுதியின் எடை தெரியும்.

ஒரு வீட்டுக் கதையை நாட்டுக் கணக்கோடு வைத்துப் பார்ப்போம். இந்திய அரசு 2023-24ஆம் ஆண்டில் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, சிற்றூர்க் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 47 விழுக்காடும், நகரக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடும் உணவுக்குப் போகிறது. வாடகையைக் குறைப்பது நம் கையில் இல்லை. பேருந்துக் கட்டணமும் அப்படியே. அடுக்களைச் செலவு ஓரளவாவது நம் கையில் இருப்பது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தானியங்களுக்கு ஆகும் செலவு சிற்றூரில் ஏறத்தாழ 5 விழுக்காடு. நகரில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பானங்கள், பதப்படுத்திய உணவுகள் முதலியவற்றுக்கோ சிற்றூரில் ஏறத்தாழ 10 விழுக்காடும் நகரில் 11 விழுக்காடும் ஆகின்றன. அரிசியைவிட அரிசிக்குப் பதிலாக வாங்கித் தின்பதற்கு நாம் மிகுதியாகச் செலவிடுகிறோம் என்று பொருள். சமைக்கச் சோம்பிய மாலையில், வீட்டில் பண்டம் இருக்கும்போதே வெளியிலிருந்து வருவிக்கும் பொட்டலம் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

வீணாவதற்கும் கணக்கு உண்டு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்து சென்றது என்றும் மதிப்பிடுகிறது. விருந்து மண்டபங்களையும் உணவு விடுதிகளையும் நாம் குறை சொல்வது வழக்கம். பெரும்பங்கு நம் வீட்டு வாளியிலேயே இருக்கிறது. இந்திய வீடுகளுக்கு அவ்வறிக்கை தரும் மதிப்பு, ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ. தோலும் கொட்டையும் எலும்பும் இதில் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. எனினும் நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு அது 600 கிராம் ஆகிறது.

இப்பழக்கம் நம்மிடம் எப்போது வந்தது? பஞ்சமும் பங்கீடும் இருந்த காலத்தில் இது இருந்திருக்க இடமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் அரிசி பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1952ஆம் ஆண்டில் கட்டுப்பாடு நீங்கியது. 1965ஆம் ஆண்டில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்கும்படி நாட்டு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை மாலையில் பலர் அடுப்பு மூட்டாதிருந்தனர். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே தமிழ்நாட்டின் பெரும் பேச்சாயிற்று. 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் இம்மாநிலத்தில் அரிசி அட்டை உள்ள குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இது பெரும் பேறு. இதனைக் குறைசொல்ல நான் வரவில்லை. தட்டுப்பாடு இருந்தபோது ஒரு பருக்கையை எண்ணிய கண், தட்டுப்பாடு நீங்கியதும் எண்ணுவதை விட்டுவிட்டது என்பதைமட்டும் சொல்கிறேன்.

வானொலிக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. போர்க்காலத்தில், 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரிட்டிஷ் வானொலி 'தி கிச்சன் ஃப்ரண்ட்' என்ற பெயரில் ஒரு சிறு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அடுக்களைப் போர்முனை என்று அதைத் தமிழில் சொல்லலாம். பங்கீட்டில் கிடைத்ததைக் கொண்டு அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்பதைக் காலையில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உணவை வீணாக்குவது அந்நாட்டில் அவ்வாண்டிலேயே தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆயிற்று. இலண்டன் மாநகரத்துக்குச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருந்ததை எங்கள் கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் சட்டமின்றியே செய்துவந்தனர்.

கருவாட்டைத்தான் சொல்கிறேன். கடற்கரையில் ஒரு நாள் மீன் மிகுதியாக விழும். ஒரு நாள் வெறும் வலை வரும். மிகுதியாக விழுந்த நாளில் விலை சரியும். விற்காமல் நின்றது மாலைக்குள் கெடும். பெரிய மீனைக் கீறிக் குடலை நீக்கி உப்பிட்டும், நெத்திலி காரப்பொடி போன்ற பொடிமீனை அப்படியே மணலிலோ வலையின்மேலோ பரப்பியும் உலர்த்துவார்கள். உப்பு மீனின் தசையிலிருந்து நீரை இழுக்கிறது. வெயில் எஞ்சிய நீரைப் போக்குகிறது. நீர் இல்லாத இடத்தில் அழுகச்செய்யும் நுண்ணுயிர் பெருக முடிவதில்லை. இவ்வளவே இதன் விஞ்ஞானம். கோடையில் இவ்வாறு காய்ந்தது, ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாள்களில் குழம்பாகிறது. சந்தையில் விற்றுக் காசும் ஆகிறது. எங்கள் தகர டப்பாவிலிருந்த நெத்திலி அப்படி வந்ததே. புயலின் நான்காம் நாள் அது வறுவலாக இலையில் விழுந்தபோது, தங்களுக்கென்று அவர்கள் கண்ட வழி எங்களுக்கும் உதவிற்று.

இனிப் பழைய சோற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; இதில் பெருமையும் உண்டு, ஆபத்தும் உண்டு. மாலையில் ஒருமுறை உலை வைத்து, மீந்த சோற்றில் நீர் ஊற்றி, மறுநாள் காலையில் அதையே உணவாகக் கொண்ட வழக்கம் நம் உழவர் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தது. ஆறிய சோறு நீருக்குள் கிடக்கும்போது, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகி இளம்புளிப்பை ஏற்றுகின்றன. தயிரைத் தயிராக்கும் இனமே இதுவும். அந்தப் புளிப்பு, தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பலவற்றை அடக்கிவைக்கிறது. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் சேர்ந்தால் அதற்கு ஈடு சொல்ல என்னால் ஆகாது.

ஆனால் பழையது வேறு, கெட்டது வேறு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் விதைபோன்ற உருக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. உலைக் கொதியிலும் அவை சாவதில்லை. வடித்த சோற்றை நீர் ஊற்றாமலும் குளிரவைக்காமலும் மிதமான சூட்டில் மணிக்கணக்காக விட்டுவைத்தால், அவ்வுருக்கள் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்குவதால் அழிவதில்லை. மதியம் ஆக்கிய சோறு சமையல் கருவியிலேயே இரவுவரை கிடந்து, பிறகு வறுத்த சோறாக மாறி வயிற்றைக் கெடுப்பது இப்படித்தான். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கக்கூடாது, 5 பாகைக்குக் கீழே குளிர்ச்சியில் வைக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதன் காரணமும் இதுவே. பழையது செய்வதானால் சோறு ஆறியதும் தாமதமின்றி நீர் ஊற்றவேண்டும். நீரும் பானையும் தூய்மையாக இருக்கவேண்டும். மறுநாள் காலையோடு அதனை முடித்துவிடவேண்டும். கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் புதிதாக வடித்ததே நல்லது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் தோன்றக்கூடிய அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைத் தாக்குவது. வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அவ்வாறே விலக்கத்தக்கது. வைத்தியருக்குக் கொடுத்த பணத்தை மளிகையில் மிச்சம் பிடித்ததாக எழுதிக்கொள்ள முடியாது அல்லவா?

விலக்கத்தக்கவை போக, நாம் வீணே விலக்குகிறவை பல. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஆகும். கோடையில் எங்கள் செங்கற்பட்டுப் பக்கத்துச் சாலையோரங்களில் தர்பூசணி குவிந்துகிடக்கும்; சிவப்பைத் தின்று எறியும் ஓட்டில், பச்சைத் தோலைச் சீவிவிட்டால் எஞ்சும் வெண்பகுதி கூட்டுக்குச் சுரைக்காய்போல் உதவும். மீந்த இட்லியை உதிர்த்தால் உப்புமா. இவற்றை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

முறை என்று நாங்கள் வைத்திருப்பது மிகச் சிறிது. அந்த நோட்டு இப்போது அடுக்களைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. கெடும் பொருள்கள் மேலே, நிற்கும் பொருள்கள் கீழே எழுதப்படும். புதிதாக வாங்கியது டப்பாவுக்குள் பின்னே போகும். பழையது முன்னே வரும். வாரத்தில் ஒருநாள், கடைக்குப் போவதற்கு முந்தின நாள், இருப்பவற்றைக்கொண்டே சமையல். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதற்கு, மூன்றையும் தின்று தீர்ப்போமா என்று கேட்டபிறகே கை நீளும். தொடக்கத்தில் பல வாரங்கள் நாங்கள் எழுத மறந்தோம். மறந்த வாரத்தில் மீண்டும் ரவை இரண்டு பொட்டலம் வந்து சேர்ந்தது.

இவ்வளவும் சொன்னபின் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். ஒன்று, அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் பத்து ரூபாய்ப் பொட்டலமாக எண்ணெயும் பருப்பும் வாங்குகிற குடும்பங்களைப் பற்றியது. அவர்கள் வீட்டில் எதுவும் தங்குவதில்லை. ஆகையால் எதுவும் வீணாவதுமில்லை. மொத்தமாக வாங்க இயலாமையால் எடைக்கு எடை நம்மைவிட அதிக விலை கொடுப்பவர்களும் அவர்களே. அவர்களிடம் போய் இருப்பைப் பார்த்துச் செலவு செய்யுங்கள் என்று உபதேசிப்பது கேலியாகவே முடியும். இந்தப் பேச்சு, டப்பாவின் அடியில் மறதியாக ஏதேனும் கிடக்கும் வீடுகளுக்கே உரியது.

மற்றொன்றை எனக்குக் காட்டியவள் என் மகள். புயல் ஓய்ந்து சில நாள் கழித்து, ஒரு காலையில் அவள் தன் பாட்டியிடம், "ஆயா, மீந்ததை எப்போதும் நீ மட்டும் ஏன் சாப்பிடுகிறாய்?" என்று கேட்டாள். தாயார் சிரித்துக்கொண்டே, "பழகிப்போச்சு" என்றார். நான் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் சூடான இட்லி இருந்தது. சிறுவயது முதல் என் முன்னால் சூடானது இருந்ததையும், அவர் முன்னால் நேற்றையது இருந்ததையும் நான் அன்றுதான் சேர்த்துப் பார்த்தேன். நம் வீடுகளின் செட்டு என்று நாம் புகழ்வதில் பெரும்பகுதி, ஒரு பெண் கடைசியாக உட்கார்ந்து மீந்ததை உண்டதால் நடந்தது. நான் புகழ வந்த பழக்கத்தின் விலையை அவர் ஒருவரே கொடுத்துவந்திருக்கிறார்.

அன்றுமுதல் மீந்த பண்டம் எங்கள் வீட்டில் எல்லார் இலையிலும் முதலில் பரிமாறப்படுகிறது, பிறகுதான் புதியது. மீந்தது சிறிதளவே இருந்தால், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை. என் முறை வரும் நாளில் நான் சிறிது முகம் சுளிப்பதாக மகள் சொல்கிறாள், இருக்கலாம். இதனால் ஒரு பயனும் விளைந்தது. மீந்தது தம் இலைக்கும் வரும் என்று தெரிந்தபின், நான்கு பேருக்கு ஆறு பேர் சோறு வடிக்கும் வழக்கம் தானாகக் குறைந்தது. பழையது தின்ன ஓர் ஆள் உறுதியாக இருந்தவரை யாரும் அரிசியை அளந்து போடவில்லை.

இன்று காலை நான் புறப்படும்போது நோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். முருங்கைக்காய் மூன்று, தேங்காய் ஒரு மூடி, தயிர் புளித்துவிட்டது, கொள்ளு ஒரு பிடி, கருவாடு இல்லை என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் எதிரே மகளுடைய கையெழுத்தில், "இரவு மோர்க்குழம்பு - அப்பா" என்றும் இருந்தது. மோர்க்குழம்பை நான் உண்ண வேண்டும் என்பதல்ல, வைக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.